வேதியியலில் ஓர் இடம்

நான் கேட்டது வேதியியல். கிடைத்தது ஆவண நிர்வாகம். பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத் தேர்வு முடிந்து, பல்கலைக்கழக இடத்துக்காக இணையத்தில் பாடங்களை வரிசைப்படுத்தியபோது, கடைசிக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாமே என்று எதையோ போட்டு நிரப்பியிருந்தேன். அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு வந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா என் கைப்பேசியை வாங்கி, அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். துறைமுக வாசலில் லோரிகளை உள்ளே விடுவதும் வெளியே அனுப்புவதுமாக இருபது வருஷம் நின்றவர் அவர்.

"ஆவணம்னா என்னம்மா, பேப்பர் வேலையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"பரவால்ல. வெயில்ல நிக்க வேண்டாம்."

அவருக்கு அதிலேயே திருப்தி. எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வேதியியலில் என் தேர்வு மதிப்பெண் சுமார்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேர்வு நாளில் எனக்குக் காய்ச்சல் இருந்தது, அந்த ஒரு தாளை வைத்து என்னை எடை போடக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். லேசான காய்ச்சல்தான்.

எங்கள் பிரிவில் அந்த வருஷம் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் சாலாக் செலாத்தானில் இருந்து வந்தவள். அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவர். பின்னால் ஒரு தம்பி. விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கொடுத்தார்கள். அவளும் அறிவியல் பிரிவில் படித்தவள்தான், ஆனால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகிற சுபாவம். விடுதிச் சமையலறையில் ஒருநாள் நான் வைத்த மீன் கறியில் தேங்காய்ப் பால் திரிந்துவிட்டது. நான் கொட்டப் போனபோது தடுத்து, அடுப்பைக் குறைத்து, பால் ஏன் திரிகிறது, புளியை எப்போது சேர்த்தால் திரியாது, எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று விட்டுப் போவதை எது பிடித்து வைக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே கரண்டியால் துழாவினாள். பாடம் எடுக்கிற தோரணையே இல்லை. பக்கத்து வீட்டுச் சமாச்சாரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் அப்படி இல்லை. வந்த முதல் வாரத்திலேயே, நான் இங்கே தங்கப் போவதில்லை, அறிவியல் புலத்துக்கு மாறிவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அதற்கு விதிகள் இருந்தன. இரண்டு பருவம் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும். ஆலோசகரான விரிவுரையாளரும் துறைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்த விண்ணப்பப் பாரத்தை அறிவியல் புல அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டால் மாற முடியாது. ஆகவே எனக்குப் பிடிக்காத பாடத்தை வெறியோடு படித்தேன். வந்த கடிதத்துக்கு முத்திரை குத்துவது எப்படி, கோப்புகளுக்கு எண் கொடுப்பது எப்படி, எந்தத் தாளை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். முதல் பருவத்தில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தேன். அவள் போதுமான அளவுக்குப் படித்து, போதுமான மதிப்பெண் வாங்கினாள்.

இரண்டாம் பருவம் முடியும் சமயத்தில் நூலகத்தில் அந்தப் பாரத்தை அச்செடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு காப்பி எடு லா. நானும் போட்டுப் பாக்கறேன்."

கடையில் இன்னொரு தே தாரிக் டீ சொல்லச் சொல்வதுபோல் இருந்தது அது. ஒரு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்ததை அவள் போகிற போக்கில் கேட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

பாரத்தோடு, ஏன் மாற விரும்புகிறோம் என்று மலாயில் ஒரு கடிதமும் வைக்க வேண்டும். நான் ஒரு மாதமாக எழுதி எழுதி அடித்து வைத்திருந்தேன். நாட்டின் முன்னேற்றம், பெண்களும் அறிவியலும் என்றெல்லாம் அதில் இருந்தது. அவள் ஒரே மூச்சில் அரைப் பக்கம் எழுதி, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். ஆறாம் படிவ ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு சொட்டில் மொத்தக் குடுவையும் இளஞ்சிவப்பாக மாறியதையும், அதற்கு முந்தைய சொட்டுக்கும் இந்தச் சொட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று பேருந்தில் யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதையும் எழுதியிருந்தாள். வேறொன்றும் இல்லை. இரண்டு பிழைகளைத் திருத்தினேன். என் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் ஆலோசகர் ஒரு வயதான சீனர். அவளுடைய பாரத்தில் உடனே கையெழுத்துப் போட்டார். என்னுடையதில் ஆறாம் படிவ வேதியியல் மதிப்பெண் இருந்த இடத்தைப் பேனாவால் இரண்டு முறை தட்டினார். விதிப்படி பி இருக்க வேண்டும். எனக்கு சி பிளஸ். அவளுக்கு ஏ மைனஸ். சில சமயம் தளர்த்துவார்கள், போட்டுப் பார் என்று சொல்லிக் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் அவள் என் தோளைப் பிடித்து, இங்கே வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள் என்றாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

பாரம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை நண்பகல். புதன்கிழமை மாலை அவள் தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு டெங்கி, செராஸில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்றான். அவள் ஒரு பையில் இரண்டு துணிகளைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மேசையில் இருந்த பிளாஸ்டிக் உறையை என் கையில் கொடுத்தாள். பாரம், கடிதம், சான்றிதழ்கள், எல்லாக் கையெழுத்தும் அதில் இருந்தன.

"உன்னோடத கொடுக்கறப்போ இதயும் சேத்துக் கொடுத்துடு. மறந்துடாத."

"மறக்க மாட்டேன். நீ போ, அம்மாவப் பாரு," என்றேன்.

அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நான் பலமுறை எனக்குள் விசாரித்துப் பார்த்துவிட்டேன். புதன்கிழமை இரவு நான் நல்லவளாகத்தான் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு அறிவியல் புல அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண். மாணவர்கள் எல்லாரும் அவரை அக்கா என்ற அர்த்தத்தில் காக் என்றுதான் கூப்பிடுவோம். என் பாரத்தைப் புரட்டிப் பார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதி, ரசீதில் முத்திரை குத்தினார். வேதியியலுக்கு எத்தனை இடம் இருக்கிறது என்று கேட்டேன். இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான், வேண்டுமானால் இயற்பியலையும் இரண்டாவது விருப்பமாக எழுதிக்கொள் என்றார். வேண்டாம் என்றேன். ரசீதை நீட்டியவர், நான் மார்போடு அணைத்து வைத்திருந்த மற்ற உறையைப் பார்த்தார்.

"அது?"

"நகல், காக்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்திக்கொள்ள எனக்கு ஒரு முழு நாள் இருந்தது.

மதியம் அவளிடமிருந்து செய்தி வந்தது, கொடுத்தாயா என்று. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் இறங்குகிறது என்று பதில் வந்தது. உறை என் பைக்குள்தான் இருந்தது. நாளைக்குக் கொடுத்துவிட்டால் இந்தப் பொய்யும் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. அந்த அலுவலகம் இரண்டு கட்டடம் தள்ளித்தான். பதினொன்றே முக்காலுக்கு எழுந்து நடந்தால்கூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசாட்சியோடு பெரிய போராட்டம் நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு இது ஒரு வேடிக்கை, எனக்குத்தான் உயிர், அவள் என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவள் என்று ஒரு வாதத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு அடித்தது. விரிவுரையாளர் புத்தகத்தை மூடினார். மலாய் மாணவர்கள் தொழுகைக்குக் கிளம்பினார்கள். நான் கேன்டீனுக்குப் போய்ச் சோறு வாங்கி முழுவதும் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா முகம் வீங்கி, கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்குக் கூடப் பொறந்தவ இல்லங்கற கொற எனக்குப் போச்சும்மா," என்றார். பக்கத்தில் நாற்காலியில் இரண்டு இரவு தூங்காத முகத்தோடு அவள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கொடுத்தபோது ஏதாவது கேட்டார்களா என்று மட்டும் விசாரித்தாள். இல்லை என்றேன். ஒரு சுளையை என் வாயருகே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அவள் உறையில் இருந்த தாள்களை நாலாக, எட்டாகக் கிழித்து, செதிலும் குடலும் கிடந்த பைக்குள் போட்டேன். என்ன பேப்பர் என்று அம்மா கேட்டார். பழைய பாடம் என்றேன். அந்த அரைப் பக்கக் கடிதத்தையும்தான் கிழித்தேன்.

ஆறு வாரம் கழித்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஆறாம் படிவ வேதியியல் மதிப்பெண் தகுதிக்குக் குறைவாக இருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மூன்றே வரி. அறையில் கட்டிலில் விழுந்து அழுதேன். அவள் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். உனக்கே இல்லை என்றால் எனக்கு எங்கே வரப்போகிறது, எனக்கு இன்னும் ஒரு தகவலும் இல்லை என்று சமாதானம் சொன்னாள். அவள் சமாதானம் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை கூடியது. எத்தனை ஆசை வைத்திருந்தாய் என்று அவளும் அழுதாள்.

அடுத்த வாரம் வரை பார்த்துவிட்டு, நேரில் கேட்டுவிடலாம் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு அதே கவுண்டருக்குப் போனாள். காக் பதிவேட்டை எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தார். இந்தப் பெயரில் எதுவும் வரவில்லை என்றார். ரசீது இருக்கிறதா என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதான் கொடுத்தாங்க," என்று தமிழில் சொன்னேன். அந்தப் பெண்மணிக்கு எதிரில் நின்றுகொண்டு, அவருக்குப் புரியாத மொழியில், அவர் மீதே பழியைப் போட்டேன்.

காக் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த உறை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் பதிவேட்டை மூடினார். அவளிடம் மதிப்பெண் என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் உச்சுக்கொட்டி, வருத்தமாக இருக்கிறது, தகுதி உள்ளவர்கள் யாரும் விண்ணப்பிக்காததால் அந்த இடத்தை இந்தப் பருவத்தில் காலியாகவே விட்டுவிட்டார்கள் என்றார்.

இருவரும் படியிறங்கினோம். மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தவள், புகார் எழுதப் போகிறேன் என்றாள். புகார் எழுதினால் காக்கின் வேலைக்கு ஆபத்து, ஒப்பந்த வேலையாக இருந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள், பாவம் என்று சொன்னேன்.

"சரி விடு. அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கும்," என்றாள். பிறகு, நீ இவ்வளவு நல்லவளாக இருக்கக் கூடாது என்று என்னைக் கடிந்துகொண்டாள்.

மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக முதலாம் ஆண்டில் சேர வேண்டுமானால் அதற்கு அவள் வீட்டில் வசதிப்படாது. அம்மா பழையபடி அடுப்படியில் நிற்க ஐந்து மாதம் ஆயிற்று. தம்பி இன்னும் பள்ளியில். இந்தத் தடவை கிடைத்திருந்தால் எப்படியாவது சமாளித்துப் போயிருப்பேன், இனி முடியாது என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் சமையலறையில் எதையும் விளக்கவில்லை என்று சொன்னால் அது பொய். விளக்கிக்கொண்டுதான் இருந்தாள். முட்டை ஏன் கெட்டியாகிறது, மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் ஏன் சிவக்கிறது என்று. எனக்குத்தான் பக்கத்தில் நிற்க முடியவில்லை. படிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் மதிப்பெண்கள் பருவத்துக்குப் பருவம் இறங்கின. இடம் கிடைக்காத ஏக்கத்தில் நான் இப்படி ஆகிவிட்டேன் என்று என் வீட்டில் அவளே போன் செய்து சொல்லியிருக்கிறாள்.

இருவரும் ஆவண நிர்வாகத்திலேயே பட்டம் வாங்கினோம். எனக்கு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அவளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் கோப்புகளை வைக்கும் அறையில். ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கோப்பில் சேர்க்கும் முன் எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பாளாம். "இதுவே பாதி கெமிஸ்ட்ரிதான் லா," என்பாள். அவள் கல்யாணத்தில் நான்தான் மணப்பெண் தோழி. தீபாவளிக்குத் தீபாவளி அவள் அம்மா எனக்கென்று தனியாக ஒரு டப்பா முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புவார். இந்த வருஷங்களில் அவளிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், இப்போது சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குச் சந்தித்தோம். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை காலியாக இருந்ததாம். விண்ணப்பித்தாளாம். அறிவியல் பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதைச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, அன்றைக்கு மட்டும் அந்த அலுவலகத்தில் பாரத்தைத் தொலைக்காமல் இருந்திருந்தால் என்று சொல்ல வந்தவள், பாதியில் நிறுத்திப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருஷத்தில் அதற்காக அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவங்க தொலைக்கல," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"நான் கொடுக்கல."

"கொடுக்க மறந்துட்டியா?" என்று கேட்டாள். நான் தப்பித்துக்கொள்ள அவளே வழி விடுவதுபோல இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். அரை மணி நேரத்தில் மறந்தும் இருப்பாள்.

"மறக்கல. ஒரு எடந்தான்னு சொன்னாங்க. அதான்."

சர்வர் வந்து இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்த எடம் காலியாத்தான கிடந்துச்சு?" என்றாள்.

"ஆமா."

எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டாள். எப்போதும் வரேன் லா என்று சொல்லிவிட்டுப் போகிறவள், "போறேன்," என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவள் சாலையைக் கடப்பது தெரிந்தது. அவள் எப்போதும் ஏறும் மோனோரயில் நிலையம் இருக்கும் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

அதன் பிறகு என் செய்திகளுக்குப் பதில் இல்லை. முதலில் தினமும் எழுதினேன், பிறகு வாரத்துக்கு ஒன்று. அவள் படித்துவிட்டாள் என்று மட்டும் தெரியும். மன்னிப்புக் கேட்டு எழுதியவற்றைத் திரும்பப் படித்தால், அவையும் என் பழைய விண்ணப்பக் கடிதம் மாதிரியே இருக்கின்றன. பெரிய வார்த்தைகள் நிறைய. சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. முன்பு பொய்யாவது சொல்லி அவளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு செய்தி வந்தது. "அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீ ஜோகூருக்கு வேலை மாறிட்டதா சொல்லியிருக்கேன். போன் பண்ணா அப்படியே சொல்லு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்." நான் பதில் எழுதுவதற்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தாள்.

தீபாவளி காலையில் கிள்ளானில் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இருந்தபோது அந்த அம்மாவின் போன் வந்தது. சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அவ்வளவு தூரத்தில் தனியாக எப்படி இருக்கிறாய், முறுக்கை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று கேட்டார். வேண்டாம்மா, இங்கேயே கிடைக்கிறது என்றேன்.

"அங்க மழையாம்மா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். ஆமாம், இரண்டு நாளாக மழை என்றேன். குடை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு வைத்தார்.